சம்பூர்ணம் அம்மையார் பிரித்த இடது இறக்கை

மேடையின் நடுவே அமர்ந்திருக்கும் நம் ஷூ தொழிற்சாலை முதலாளி அப்துல் வஹீத் அவர்களே! ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து சேர்ந்திருக்கும் தையல் பிரிவுச் சகோதரிகளே! ஓசூரிலிருந்து மகளோடு வந்து மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் பூந்தோட்ட உரிமையாளர் பூவரசன் அவர்களே! தாயை இழந்து இன்னும் பத்து நாள்கூட ஆகாத அன்பு மகள் சங்கீதா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் ராமமூர்த்தியின் வணக்கம்.

நான் மேடை ஏறிப் பழக்கமில்லாதவன். சின்ன விமானங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். எண்ணெய்க் கையோடு நாற்பது வருடம் காலம் தள்ளியவனுக்கு மைக்கைப் பிடிக்கவே கை கூசுகிறது. ஆனாலும் இன்று நானேதான் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் கேட்டேன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

யார் இந்த சம்பூர்ணம் அம்மையார்? முப்பத்தோரு ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில் ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்தவர். தையல் பிரிவின் மேற்பார்வையாளர். ஒடுகத்தூரிலிருந்து ஆம்பூருக்குக் கல்யாணமாகி வந்து, கணவரை இழந்து, தனி ஆளாக மகளைப் படிக்க வைத்தவர். இதெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த ஊர் வானத்தில் பறந்த ஒரு விமானம் அவர் கைத்தையலில் பறந்தது!

நம் வஹீத் பாய் ஒரு பழைய விமானம் வைத்திருந்தது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அறுபதுகளில் செய்தது. இரண்டே இருக்கை. மூடிப்போன ஒரு பறக்கும் கழகத்திடமிருந்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி வரை ஒரு சுற்றுப் போய்த் திரும்புவார். ஒரு மணி நேரம் பறந்தால் பத்து மணி நேரம் நான் அதன் வயிற்றுக்கடியில் படுத்துக் கிடப்பேன். யானையைக் கட்டித் தீனி போடுவதுகூட சுலபம் பாய் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் கண் பரிசோதனையில் பாய் தேறவில்லை. இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விற்பது என்று முடிவாயிற்று. வாங்க வந்தவர்தான் பூவரசன் அவர்கள்.

அந்தக் காலத்து விமானத்துக்கு இறக்கை என்றால் உள்ளே மரமும் தகடும், மேலே துணி. துணி பழசாகியிருந்தது. விற்பதற்கு முன் புதுத் துணி போட வேண்டும். துணியை உள்ளே எலும்பு மாதிரி இருக்கும் சட்டத்தோடு சேர்த்து, இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகக் கையால் தைக்க வேண்டும். நான் ஒரு முழம் தைத்தேன். பாய் வந்து பார்த்தார். "இன்னா ராமமூர்த்தி இது? இந்தத் தையலோட ஒரு ஜோடி ஷூ போனா ஜெர்மன்காரன் கண்டெய்னரோட திருப்பி அனுப்புவான்" என்றார். அடுத்த நாள் காலை சம்பூர்ணம் அம்மையார் சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்றார்.

ஒரு முழ நீள ஊசியைக் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். "இது இன்னா சார், ஊசியா கடப்பாரையா?" என்றார். முடிச்சை ஒரு தடவைதான் காட்டினேன். நான் ஆறு மாதத்தில் கற்ற முடிச்சு அது! மூன்றாவது முடிச்சிலேயே என்னைவிட நன்றாகப் போட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது, மறைப்பானேன்?

பழைய தோல் உலர்த்தும் கொட்டகையில்தான் வேலை. இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அவர் ஊசியைக் குத்துவார், நான் இந்தப் பக்கம் வாங்கித் திருப்பிக் குத்துவேன். நடுவில் துணி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் வரும். ஒன்பது நாள் அப்படி வேலை செய்தோம். அவர் மகளின் பரீட்சை, என் சர்க்கரை வியாதி, எல்லாம் அந்தத் துணி வழியாகவே பேசிக்கொண்டோம். ஜாஸ்தி டீ குடிக்காதீங்க சார் என்று துணிக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டுவார்.

வலது இறக்கை நான்கு நாளில் முடிந்திருந்தது, ஒன்பதாவது நாள் இடதும் முடிந்தது. மறுநாள் பெயின்ட். அடுத்த வாரம் பூவரசன் அவர்கள் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. அம்மையார் ஊசிகளை எண்ணிப் பார்த்தார். ஒன்றின் முனை ஒடிந்திருந்தது. முனையைக் காணோம்.

இங்கே இருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்றுமதித் தொழிற்சாலையில் ஓர் ஊசி ஒடிந்தால் வேலை அப்படியே நிற்கும். எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். கிடைத்ததை டேப் வைத்து நோட்டில் ஒட்டி, யார் ஒடித்தது, எத்தனை மணிக்கு என்று ஒடித்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தச் சரக்கு வெளியே போகாது. வாங்குகிற பிள்ளையின் காலில் குத்திவிடக் கூடாதே!

நான் சொன்னேன், "கடுகு அளவு முனைம்மா. அது இன்னா பண்ணிடப் போவுது?"

அவர் சொன்னார், "பண்ணுமா பண்ணாதான்னு நமக்குத் தெரியாதே சார். கெடைக்காம மூட முடியாது."

தொழிற்சாலையிலிருந்து காந்தம் கொண்டுவந்து தரை முழுக்கத் தேடினார். இல்லை. அப்படியானால் இறக்கைக்குள்தான் என்று பிளேடை எடுத்தார். ஐந்து நாள் குனிந்து குனிந்து தைத்த தன் தையலைத் தன் கையாலேயே சர்ரென்று அறுத்தார்! யாருக்கு வரும் அந்த மனசு? எனக்கு வந்திருக்குமா? சத்தியமாக வந்திருக்காது.

முனை கிடைத்தது. காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் டார்ச்சை அணைக்கவில்லை. "சார், இங்க வாங்களேன். மரத்துல முடி மாதிரி ஒரு கோடு ஓடுது" என்றார்.

பெரியோர்களே, அது கோடு அல்ல. விரிசல். இறக்கைக்கு முதுகெலும்பாக இருக்கும் நீள மரத்தில், விமான உடலிலிருந்து வரும் தாங்குகட்டை வந்து சேரும் இடத்தில் விரிசல். அந்த இறக்கையோடு விமானம் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? விமானத்தை எடுத்துப் போகும் அன்று பூவரசன் அவர்கள், அப்போது பத்து வயதான தன் மகள் பாரதியை முதல் பயணத்தில் கூட்டிப் போவதாக இருந்தார்.

துணி போடுவதற்கு முன்னால் அந்த மரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டியவன் யார்? நான். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவன் யார்? நான்! பார்க்கவில்லை ஐயா. அன்றைக்கு மழை, கரண்ட் இல்லை. வலது இறக்கையைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. இடதும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டு வேலூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

இதை இந்த மண்டபத்தில் இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன். வஹீத் பாய், தயவுசெய்து உட்காருங்கள். முடித்துவிடுகிறேன்.

அம்மையார் ஒரு தாளில் ஊசி முனையை ஒட்டினார். 'ஒடித்தது: சம்பூர்ணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். "உங்களத உங்க புஸ்தகத்துல நீங்க எழுதிடுங்க சார்" என்றார். எழுதுகிறேன் என்றேன். விமானத்துக்கு ஒரு பதிவுப் புத்தகம் உண்டு, பிறந்ததிலிருந்து அதற்கு நடந்தது எல்லாம் அதில் இருக்கும். அதில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'மரம் பழையது என்பதால் முன்னெச்சரிக்கையாக மாற்றப்பட்டது.' விரிசல் என்ற சொல்லே இல்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் இல்லை. மரத்தை ஒழுங்காக மாற்றினேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் எழுதியது பொய்.

மறுநாள் பாய் கொட்டகைக்கு வந்தார். கிழிந்து தொங்கும் இறக்கையைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து துணி திரும்ப வர இரண்டு மாதம். வாங்க வந்தவர் கைவிட்டுப் போகிற நிலை. "ஒரு ஊசி முனைக்கு ஏரோப்ளேனையே கிழிச்சிட்டியேம்மா! பேஜார் பண்ணிட்டியே!" என்று பத்துப் பேர் முன்னால் கத்தினார். அம்மையார் என்ன சொன்னார்? "ஊசிய ஒடச்சது நான்தான் முதலாளி." அவ்வளவுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு இந்த ஊரில் ஒரு பட்டப்பெயர். ரெக்க கிழிச்ச சம்பூர்ணம்! கேன்டீனில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் பதவி இரண்டு முறை தள்ளிப் போனது. விமானத்தை ஒப்படைத்த அன்று எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள், அவரைக் கூப்பிடவில்லை. இன்றைக்குக்கூட எனக்கு முன் பேசிய நண்பர் பாசமாகத்தான் அந்தப் பெயரைச் சொன்னார். நீங்களும் பாசமாகத்தான் சிரித்தீர்கள். சங்கீதா சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

ஒருநாள் கேட்டேன், "நீங்களே பாய்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?" அவர் சொன்ன பதில்: "உங்க தப்ப நான் எப்டி சார் சொல்றது? அவங்கவங்கத அவங்கவங்கதான் எழுதணும். எங்க லைன்ல அதான் ரூல்." அப்புறம் கேட்டார், "எழுதிட்டீங்க இல்ல?" எழுதிவிட்டேன் என்றேன்.

வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பஸ் ஸ்டாண்டில் கேட்டார். சங்கீதாவின் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்டார். எழுதிட்டேம்மா, எழுதிட்டேம்மா! பதினோரு வருடம் அந்தத் தெய்வத்திடம் பொய் சொன்னேன். உரிமம் போய்விடும் என்று பயம். ஊர் என்ன சொல்லும் என்று பயம். வருடம் தவறாமல் ஓசூருக்குப் போய்ச் சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி, பூவரசன் அவர்களின் விமானத்தில் இரண்டு இறக்கையையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவேன். அவர் என்னை நல்ல மனிதன் என்று நினைத்து ரோஜாச் செடி கொடுத்து அனுப்புவார். என் வீட்டில் ஒன்பது ரோஜாச் செடி இருக்கிறது ஐயா, ஒன்றையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். என் சர்க்கரையை விசாரித்தார். டீயைக் கம்மி பண்ணீங்களா என்றார். நான் கிளம்பும் வரைக்கும் காத்திருந்தேன். அதை மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே கண்ணை மூடித் தூங்கிப்போனார். நான் எழுதவில்லை என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இரங்கல் கூட்டத்தில், அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். அவர் பணியைத் தொடர எனக்கு யோக்கியதை இல்லை. அவர் சொன்ன ஒரு வேலையை மட்டும் செய்கிறேன். பூவரசன் அவர்களே, கூட்டத்தில் காட்ட வேண்டும் என்று பொய் சொல்லித்தான் அந்தப் பதிவுப் புத்தகத்தை உங்களைக் கொண்டுவரச் சொன்னேன். அதுதான் என் கடைசிப் பொய். மேடைக்குக் கொண்டு வாருங்கள். இடது இறக்கையில் விரிசல் இருந்தது, ராமமூர்த்தி பார்க்காமல் கையெழுத்துப் போட்டான், சம்பூர்ணம் கண்டுபிடித்தார் என்று இன்றைய தேதி போட்டு எழுதுகிறேன். அதன் நகல் நாளைக் காலை விமானத் துறை மேலிடத்துக்குப் போகும். உரிமத்தை எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் என்மேல் வழக்குப் போட்டாலும் சரி. பாய், நீங்கள் திட்ட வேண்டிய ஆள் இதோ நிற்கிறேன்.

சங்கீதா, நீ இங்கே வாம்மா. நான் எழுதுவதைப் பக்கத்தில் நின்று படி. ஓர் எழுத்து குறைந்தாலும் சொல்.

பெரியோர்களே, தாய்மார்களே! கூட்டத்தின் முடிவில் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம் அல்லவா? இப்போதே எழுந்து நில்லுங்கள். நான் எழுதி முடிக்கும் வரைக்கும் நில்லுங்கள். பதினோரு வருடத்துப் பாக்கி, கொஞ்சம் நேரமாகும்.