பல்லால் நூல் அறுத்த பாவி பேசுகிறேன்

அளவு நாடாவைத் தோளில் போட்டபடியே தலைமை ஏற்றிருக்கும் தையற்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! என் வாயைத் திறக்கவைத்து, தன் வாயை மூடிக்கொண்டு பொறுமை காத்த பல் மருத்துவர் அம்மா அவர்களே! ஊசிமுனையில் உலகத்தை உடுத்திப் பார்க்கும் பெரியோர்களே! தாய்மார்களே! தம்பிமார்களே!

ஒரு கேள்வி. இந்த அவையில் பல்லால் நூல் அறுக்காதவர் யார்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

ஒரு கைகூட இல்லை! சிரிக்காதீர்கள் ஐயா, அந்தக் குற்றவாளிக் கூட்டத்தின் தலைமகன் நான்தான்!

முப்பது ஆண்டுகள் கழுத்தில் கத்தரிக்கோல் தொங்கியது. நூலை அறுத்ததோ என் முன்பற்கள். ஆடி, அசைந்து, மேல்வரிசையில் நான்கு போயின. பல் போனது, சொல் போனது! ஆண்டுதோறும் முழங்கிய இந்த ஒலிவாங்கி என்னைவிட்டுப் போனது! பேசினால் காற்று வந்தது, கருத்து வரவில்லை. கடைசி வரிசையில் வாயைப் பொத்தி உட்கார்ந்தேன். அழுகையாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

மருத்துவர் அம்மா தாடை எலும்பில் இரண்டு திருகுகள் பதித்தார். மேலே தற்காலிகப் பல்செட். "மாஸ்டர், இப்ப இருக்கறது ஓட்டுத்தையல்தான். எலும்பு திருகைப் பிடிச்சாத்தான் மிஷின் தையல். நாலு மாசம் ஆகும். முன்பல்லால எதையும் கடிக்காதீங்க. புகை கூடாது. செட்டை ராத்திரி கழற்றிப் பச்சைத்தண்ணியில போடுங்க, வெந்நீர் பட்டா வளைஞ்சிடும்" என்றார்.

கேட்டேனா? கேட்டேன்! குழைந்த சோறு தின்றேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பல்செட் ஓரம் உறுத்தியது. ஆல்ட்டர் செய்வது நம் தொழிலாயிற்றே என்று உப்புத்தாளை எடுத்தேன்! என் மனைவி பிடுங்கிக்கொண்டாள். "ஏங்க, இது என்ன பேன்ட்டா? டாக்டர்கிட்ட போங்க!" போனேன். ஐந்தே நிமிடத்தில் சரியானது.

இருபத்தோராம் நாள். வாசலில் வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார். சட்டையில் கடைசிப் பொத்தான். முடிச்சுப் போட்டேன், குனிந்தேன், வெடுக்!

நூல் அறுந்தது. திருகும் ஆடியது.

மருத்துவர் அம்மா தொட்டுப் பார்த்தார். திருகைக் கழற்றினார். எலும்பு ஆற நான்கு மாதம், மறுபடி பதித்து நான்கு மாதம். அந்த ஆண்டு மாநாடு நானில்லாமல் நடந்தது. ஒரு நூல், ஐயா! ஒரே ஒரு நூல்!

இரண்டாம் முறை என் மனைவி களத்தில் இறங்கினாள். ஒவ்வொரு மிஷினிலும் கயிறு கட்டி ஒரு சின்னக் கத்தரி. எனக்கோ நாள் முழுக்க முகக்கவசம்! "மாஸ்டருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க, பழக்கம்" என்றாள். பழக்கம் சும்மா விடுமா? நூலைக் கடிக்கக் குனிவேன், முகக்கவசம் தடுக்கும், அவள் அங்கிருந்தே இருமுவாள்!

நான்காம் மாதம் மருத்துவர் அம்மா திருகைத் தட்டினார். கணீர் என்றது! அசையவில்லை! ஆடவில்லை! நிலைத்த பற்கள் ஏறின! வெளியே வந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மனைவி நடுத்தெருவில் அழுதாள்.

ஆற வேண்டியதை ஆற விடுவதும் உழைப்புதான் தோழர்களே! சும்மா இருக்கும் அந்த நான்கு மாதம், நாம் செய்யும் மிகக் கடினமான வேலை!

ஒரு நிமிடம். நான்காவது வரிசை! பொத்தான் துளை தைக்கும் காஜா மாஸ்டரே! போன வாரம்தானே திருகு பதித்தீர்கள்? சங்கம் கொடுத்த பையில் பிசிர் நீட்டிக்கொண்டிருக்கிறது சரி, அதை ஏன் வாய்க்குக் கொண்டுபோகிறீர்கள்?

"மறந்துட்டேண்ணே!" என்கிறார். மறப்பாய் தம்பி, நானும் மறந்தேன். அதனால்தான் மேடையிலிருந்து கத்துகிறேன். கீழே போடு! பக்கத்தில் இருக்கும் அம்மா, அவரிடம் கத்தரியைக் கொடுங்கள். ஆ, வெட்டிவிட்டார்! கைதட்டுங்கள்!

தலைவர் அவர்களே, அடுத்த மாநாட்டில் என் நேரத்தை இவருக்குக் கொடுங்கள். இவர் முழங்க வேண்டும், நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் புதுப் பற்களின் நன்றி. வணக்கம்!