நாற்பத்தோராம் இலக்கப் போத்தல்

இந்தத் தேநீர் நன்றாயிருக்கிறது. சாட்டிக் கிணறுகளிலிருந்து பவுசர் லொறியில் வந்த தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் இறுப்பிட்டிக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு நல்ல தேயிலை போட்டாலும் இந்த நிறம் வராது. நீங்கள் ஊர்காவற்றுறைக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் என்று சொன்னீர்கள். தீவுப் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனால் தருகிற தேநீரைக் குடித்துப் பாருங்கள், ஐயா. அந்த வீட்டுக் கிணறு எப்படி என்று தெரிந்துவிடும்.

கேட்டதற்கெல்லாம் சொல்லுகிறேன். நான் அழுவேன் என்று நினைத்துத்தான் இந்தப் பெண் பொலிசை என் பக்கத்தில் இருத்தியிருக்கிறீர்கள். அவருக்கு வேறு வேலை இருந்தால் போகட்டும்.

என் பெயர் கேதீஸ்வரி. வயது ஐம்பத்தெட்டு. கலியாணம் செய்யவில்லை. எனக்கு ஒரே தங்கை, சத்தியபாமா. அவளும் புருஷனும் மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில் மகள் கஜானியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை அவளுக்குத் தலை முழுக வார்த்தது, பேன் பார்த்தது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்தது எல்லாம் நான்தான். அவள் முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது என்னை. 'பெரியம்மா' என்று சொல்லடி என்று நானே திருத்தினேன். அந்த அளவுக்கு நேர்மையாக இருந்தேன்.

எங்கள் அப்பு வெட்டிய கிணறு தங்கையின் வளவு எல்லையோடு இருக்கிறது. வீடு அவளுக்குச் சீதனமாகப் போனது. பக்கத்து வளவு எனக்கு. கிணற்றில் இரண்டு பேருக்கும் அரைவாசி அரைவாசி என்று காணி உறுதியில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அதைப் பங்குக் கிணறு என்போம். சகோதரங்கள் பேசாமல் விட்டாலும் பங்குக் கிணற்றடியில் முகம் பார்க்காமல் இருக்க முடியாது. அப்பு அதற்காகத்தான் அப்படி எழுதுவித்தார் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் சத்தியபாமா வந்து சொன்னாள்: "அக்கா, கிணத்துக்குக் கறண்ட் பம்பு பூட்டப்போறம். பங்குக்காரர் எண்டபடியால் உன்ர கையெழுத்தும் வேணுமாம்." நல்லது என்று பஸ் ஏறிப் போனேன். உறுதி எழுதுகிற நொத்தாரிசு வேகவேகமாக வாசித்தார். நான் அதைக் கேட்கவில்லை. தங்கச்சி மெலிந்துபோனாள், சீனி வருத்தம் கூடிவிட்டதோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். சாட்சிக் கையெழுத்து வைத்தது கஜானி.

இரண்டு மாதத்தில் மதில் எழும்பியது. கிணறு அந்தப் பக்கம். போய்க் கேட்டேன். கஜானியின் புருஷன் சயந்தன் மரியாதையாகத்தான் பேசினான். உறுதியைக் கொண்டுவந்து காட்டினான். என் அரைப் பங்கைத் தங்கைக்கு நன்கொடையாகக் கொடுத்திருக்கிறேன், என் சொந்த விருப்பத்தில். சத்தியபாமா சாமி அறைக்குள் இருந்தாள். கஜானி குசினி வாசலில் நின்றாள். அவள் வங்கியில் வேலை செய்கிறவள், ஐயா. எந்தத் தாளையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற பிள்ளை இல்லை.

அன்றைக்கு என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வெடிக்கவில்லை. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி வாங்கி வைத்தேன். அன்றிலிருந்து அதில் நிரப்புகிற பவுசர் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

போன வருடம் அந்த அரசாங்கத் திட்டம் வந்தது. வீட்டுக் கிணறுகளை இலவசமாகச் சோதிப்பார்கள். தண்ணீர் கெட்டிருந்தால் சுத்திகரிக்கிற இயந்திரத்தை அரசாங்கச் செலவிலேயே பூட்டுவார்கள். ஊருக்கு ஒரு தொண்டர் தேவை என்றார்கள். இறுப்பிட்டிக்கு நான் சேர்ந்தேன். பயிற்சியில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். போத்தலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று தரம் அலச வேண்டும், இலக்கத்தை உடனே ஒட்ட வேண்டும், ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் இறங்கினால் தண்ணீரில் நைத்திரேற்று ஏறும் என்றும் சொல்லித் தந்தார்கள். பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையின் இரத்தத்தில் காற்றை ஏறவிடாது. கொதிக்க வைத்தாலும் போகாது, கூடும். குழம்பு வற்ற வற்ற உப்புக் கரிப்பது போலத்தான்.

முதல் சோதனைக்குத் தண்ணீரை உத்தியோகத்தர்களே எடுத்தார்கள். முடிவுத் துண்டுகளை வீடுவீடாகக் கொடுக்கும் வேலை எனக்கு. நாற்பத்தோராம் இலக்கம் தங்கை வீடு. நைத்திரேற்று, இருக்கக்கூடிய அளவைப்போல இரண்டரை மடங்கு. அந்தத் துண்டை நான் கொடுக்கவில்லை. அலுமாரியில் சேலைக்குக் கீழே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டதென்று கண்ட கிணறுகளை இரண்டாம் தரமும் சோதித்து, அதிலும் கெட்டிருந்தால்தான் இயந்திரம். இரண்டாம் தரம் தண்ணீர் எடுப்பது தொண்டரின் வேலை.

நீங்களே நினைத்துப் பாருங்கள். என் அப்பு வெட்டிய கிணற்றை என்னிடமிருந்து ஏமாற்றி எடுத்தவர்களுக்கு, எல்லாச் சனத்தின் காசிலும் வாங்கிய இயந்திரத்தை அந்த மதிலுக்குள் கொண்டுபோய்ப் பூட்ட நானே தண்ணீர் அள்ளிக் கொடுக்க வேண்டுமா? அவர்கள் விரும்பியது கிணற்றை. அதை அப்படியே வைத்திருக்கட்டும் என்றுதான் விட்டேன். நாற்பத்தோராம் போத்தலை என்னுடைய தாங்கியில் நிரப்பினேன். மூன்று தரம் அலசித்தான் நிரப்பினேன். முடிவு நல்ல தண்ணீர் என்று வந்தது. இயந்திரம் பூட்டுகிற பட்டியலில் அவர்களுடைய பெயரை வெட்டிவிட்டார்கள்.

கஜானியின் கைக்குழந்தை தாரிகாவை நான் நினைக்கவேயில்லை. இது கிணற்று வழக்கு. குழந்தைக்கும் எனக்கும் என்ன பகை?

முடிவு வந்த அன்றைக்குக் கஜானி மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் முதல் தரம்.

"பெரியம்மா, எனக்குப் பால் காணாது. பிள்ளைக்குக் கடைப் போத்தல் தண்ணியிலதான் பால்மா கரைக்கிறன். எங்கட கிணத்துத் தண்ணியில கரைக்கலாமே?"

'எங்கட கிணறு' என்றாள்.

"ஓம். பிறகேன் கடைத் தண்ணிக்கு அலையிறீர்? நல்லாக் கொதிக்க வைச்சுக் குடும்" என்றேன்.

வாடி போடி என்று வளர்த்தவளோடு அப்படி மரியாதை வைத்துப் பேசியது அதுதான் முதல் தரம். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "தாங்ஸ் பெரியம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு தினமும் காலையில் அவர்களுடைய குசினியிலிருந்து கேத்தல் கூவுகிற சத்தம் கேட்கும். வெகுநேரம் கூவும். கஜானி எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். நான் வளர்த்த வளர்ப்பு அது.

பதினேழாம் நாள் தாரிகாவுக்கு உதடும் நகமும் நீலமாகிவிட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். டொக்டர்மார் சந்தேகப்பட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். என் போத்தலோடு அது ஒத்துவரவில்லை. அதனால்தான் நான் இந்தக் கதிரையில் இருக்கிறேன்.

செத்த வீட்டில் சத்தியபாமா என் காலைக் கட்டிக்கொண்டு, "உன்ர பங்கைப் பறிச்ச பாவமக்கா, உன்ர பங்கைப் பறிச்ச பாவம்" என்று குழறினாள். நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு இருந்தேன். அவள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்ததும் சயந்தன் மதிலை இடித்துப் படலை வைத்தான். கிணறு திரும்பவும் எனக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் போய்க் குளித்தேன். குடிக்க மட்டும் பவுசர் தண்ணீர்தான்.

நீங்கள் அந்தப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தரம் தண்ணீர் எடுக்கும்போது நிரப்புகிற படிவம். கீழே ஒரு கட்டம் இருக்கிறது: வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உண்டா? உண்டு என்று எழுதினால் சோதனை முடிவுக்குக் காத்திருக்க மாட்டார்கள். மறுநாளே நல்ல தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார்கள், இயந்திரமும் அந்த வீட்டுக்குத்தான் முதலில்.

நான் போன நேரம் கஜானி குளித்துக்கொண்டிருந்தாள். விறாந்தையில் ஏணைக்குள் தாரிகா கிடந்து அழுதாள். கஜானி இந்த வயதில் அழுத மாதிரியேதான், விக்கி விக்கி. ஒரு கையால் ஏணையை ஆட்டினேன். படிவத்தை முழங்காலில் வைத்து மற்றக் கையால் 'இல்லை' என்று எழுதினேன். பிள்ளை நித்திரையான பிறகுதான் எழும்பி வந்தேன்.

பொய்த் தகவல் எழுதியதாக என்மேல் பதியப் போகிறீர்கள். இன்றைய திகதியைப் போட்டு அந்தக் கட்டத்தை இன்னொரு தரம் வாசியுங்கள், ஐயா. நான் எழுதியதில் பிழையில்லை.