பாதிரி வீட்டுக்காரி

அவர் கல்யாணத்துக்குத் தயாரா இருக்காரு, நான்தான் மாட்டேங்கிறேன்னு சொன்னாராக்கும்? சரியாத்தான் சொல்லியிருக்காரு. உக்காருங்க ஐயா. பீர் ஊத்தட்டுமா? வேண்டாமா, சரி.

சாக்சனி இளவரசர் உங்கள எதுக்கு ஊர் ஊரா அனுப்புறாருன்னு தெரியும். பாதிரிங்க வீட்டுல இருக்கிறவள முறையாக் கட்டிக்கணும், இல்ல அவ வெளிய போகணும். இந்த வீட்டுல இருக்கிறவ நான்தான், ஓட்டிலி. பகல்ல அம்ப்ரோஸ் பாதிரிக்குச் சமையக்காரி. ராத்திரியில யாருங்கிறது ஊருக்கே தெரியும்.

அப்பல்லாம் நான் தொட்ட வாளின்னா இந்தப் பொம்பளைங்க சாம்பல் போட்டுத் தேய்ப்பாளுங்க. இப்ப வாய் நெறையப் பாதிரியம்மாங்கிறாளுங்க. நான் ஒண்ணும் மாறல. விட்டன்பர்க்ல ஒரு துறவி போப்ப எதுத்து, பாதிரிங்களும் கட்டிக்கலாம்னு என்னமோ எழுதிட்டாராம், அதுல நான் உத்தமியாயிட்டேன்.

இவரும் லேசுப்பட்டவர் இல்ல. அதுவரைக்கும் போப்பு சொன்னதுதான் வேதம். இளவரசர் அந்தத் துறவி கட்சிக்கு மாறுனதும் இவருக்கும் கண்ணு தொறந்துடுச்சு. நோன்பு நாள்ல கதவச் சாத்திக்கிட்டுத் தின்ன பன்னிக்கறிய, இப்ப ஜன்னலத் தொறந்து வச்சுத் திங்கிறாரு. அதுக்குப் பேரு விசுவாசமாம்.

சேச்சே, வேற ஆளெல்லாம் இல்லீங்க. இவர் அடிக்கிறவரும் இல்ல. கோயில்ல எல்லார் முன்னாடியும் ஒன்னக் கட்டிக்கிறேன் ஓட்டிலின்னு கையப் புடிச்சு அழுதாரு. அழட்டும்.

போன வாரப் பிரசங்கம் கேட்டீங்களா? பிஷப்பு தண்ணி தெளிச்சா மண்ணு புனிதமாயிடாதாம். கல்லறத் தோட்டமும் காடும் ஒண்ணுதானாம். அதெல்லாம் மனுசன் கட்டிவிட்டதாம். சனங்க தலைய ஆட்டுனாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சுங்க. ஞானஸ்நானம் குடுக்கிறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. புனித மண்ணுல வைக்கத் திருச்சபைச் சட்டம் எடங்குடுக்காது ஓட்டிலின்னு சொல்லி, இவரே தூக்கிட்டுப் போய்க் கல்லறச் சுவத்துக்கு வெளிய, பன்னி மேயிற எடத்துல பொதைச்சாரு. கால்ல விழுந்தேன். கேக்கல.

இப்பத்தான் சட்டம் போயிடுச்சே, அவள உள்ள கொண்டாந்து வைங்கன்னேன். எல்லா மண்ணும் ஒண்ணுதானே, எதுக்குத் தோண்டணும்னாரு.

அதனால நான் கெளம்பறேன்னே எழுதிக்குங்க. தூரமா எங்கயும் போகல. சுவத்துக்கு அந்தப் பக்கம், பன்னி மேய்க்கிறவன் குடிசை காலியாத்தான் இருக்கு.