“நல்லா இருக்கோம்” என்று சொல்லி வாங்கிய கேடயம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் மகேந்திரன் அவர்களே! வீடு வீடாக வந்து, நாங்கள் ஊற்றிக் கொடுத்த காப்பியையெல்லாம் முகம் சுளிக்காமல் குடித்த ஆய்வாளர் சாந்தினி அவர்களே! சனிக்கிழமை தவறாமல் தாப்பாவிலிருந்து பேருந்து பிடித்து வரும் குடும்ப ஆலோசகர் டோரிஸ் அவர்களே! ரப்பர் மரம் நின்ற மண்ணில் வீடு கட்டி, ஈப்போவுக்கும் சிம்பாங் பூலாய்க்கும் வேலைக்கு ஓடி, ஓடிய களைப்போடு இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பாதிக் கூட்டம் நீங்களாக இருந்தும் மேடையில் ஒரு நாற்காலிகூடப் பெறாத தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்திருக்கிறார்கள். நான் மேடைக்குப் பழகியவன் அல்லன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் குடுவைகளோடு காலம் கழித்தவன். குடுவைகள் குறுக்கே பேசுவதில்லை.  சொல்லப்போவது சரிதானா என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஆனாலும், ஐயா, எனக்கு வாழ்த்த வாய் வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வருகிறது!

இதோ, மேசைமேல் மின்னுகிறதே கேடயம், எதற்காக? “மகிழ்ச்சியான குடியிருப்பு” என்று பொறித்திருக்கிறார்கள். கணவன் மனைவி எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எப்போது சினம் எழுகிறது, எப்படி அடங்குகிறது என்று ஆராய வந்தார் சாந்தினி. வீட்டு வரவேற்பறையில் கேமராவை வைத்தார். யார் குரல் உயர்கிறது, யார் முகம் திருப்புகிறார், யார் பேச்சை யார் வெட்டுகிறார் என்று முறையாகப் பார்த்தார். முடிவு என்ன? இங்கே பிணக்கு இல்லை, பிரச்சினை இல்லை, பேச்சில் குறையே இல்லை! ஆகவே டோரிஸ் அவர்களின் சனிக்கிழமைகள் இங்கே தேவையில்லை. அடுத்த மாதம் முதல் அவர் கோலா கங்சார் பக்கம் போகிறார்.

கைதட்டுகிறீர்களா? எதற்கு ஐயா தட்டுகிறீர்கள்?

அளவுகோல் பொய் சொல்லவில்லை. அளவுகோல் வருகிறது என்றதும் நாம் வேட்டியைச் சரிசெய்துகொண்டோம்! விருந்தாளி முன்னால் வீட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் வைத்தியரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றால் நோய் எப்படி ஐயா தீரும்? முன்வாசலில் சாந்தினியிடம் “நல்லா இருக்கோம்.” பின்வாசலில் டோரிஸின் ஆலோசனை அறைமுன் வரிசை! அதுவும் எப்படி? அடையாளம் தெரிந்துவிடும் என்று செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகிற வரிசை!

சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களின் செருப்புகளை நான் கண்டதில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அனுமதி பெற்றுத்தான் சொல்கிறேன். இருவரிடமும் தனித்தனியே பெற்றேன். அவர்களிடம் தனித்தனியேதான் பெறவும் முடியும்! “சொல்லுங்க சார், அந்த மனுசனுக்கு உறைக்கட்டும்” என்றார் கருப்பம்மாள். “தாராளமா சொல்லுங்க சார், அவளுக்குப் புத்தி வரட்டும்” என்றார் அவர் கணவர் பத்துமலை.

இவர்கள் மகன் கோகிலனின் திருமணம் ஈப்போவில் நடந்தது. குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடை ஏறினார்கள். கருப்பம்மாள் பந்திக்குச் சாம்பார் போதுமா என்று பார்க்கப் போயிருந்தார். அவரை அழைக்கப் பத்துமலை மறந்துவிட்டார். பெற்ற தாய் இல்லாத படம் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப்பட்டது. அன்று நின்றது பேச்சு!

வீடு நிற்கவில்லை, சமையல் நிற்கவில்லை. பேச்சு மட்டும் நின்றது. பிறகு எப்படிக் குடும்பம் நடக்கிறது? நாய் வழியாக நடக்கிறது! “ஜாக்கி, கறி சூடா இருக்கு. யாராச்சும் சாப்பிடறதுன்னா சாப்பிடலாம்லா.” “ஜாக்கி, உப்பு பத்தலன்னு சொல்லு.” பாவம், அந்த நாய்க்கு இரண்டு எசமானர்களின் ஊடலையும் சுமக்கிற உத்தியோகம்.

அந்த வீட்டுக்கு வந்தார் சாந்தினி. இருவருக்கும் நடுவே அமர்ந்தார். நாய்க்கு அன்று விடுமுறை!

“பாப்பா, அவருக்குக் காப்பி போதுமான்னு கேளும்மா.”

“சீனி கம்மின்னு சொல்லும்மா.”

“டாக்டர் சீனி கூடாதுன்னாருன்னு சொல்லு பாப்பா.”

“சரிதான்னு சொல்லும்மா.”

குரல் உயரவில்லை. குறுக்கே யாரும் பேசவில்லை. ஒருவர் உடல்நலத்தில் மற்றவருக்கு அக்கறை. ஆய்வு என்ன சொல்லும்? அருமையான இணையர் என்றுதான் சொல்லும்! அம்மா சாந்தினி, உங்களைக் குறை கூறவில்லை. நீங்கள் எழுந்து வந்த பிறகு அந்த வீட்டில் ஒரு சொல் கேட்டிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

நேற்று இதைத் தலைவரிடம் மெல்லச் சொன்னேன். “சார், கேடயம் வந்தாச்சு, பந்தல் போட்டாச்சு, சாப்பாட்டுக்கு மீகூனும் சொல்லியாச்சுலா” என்றார். மீகூனுக்காக ஒரு பொய்யா? கேடயத்துக்காக ஒரு கதவை அடைப்பதா? வெளியே விட்டுக்கொடுக்காத நாம், வீட்டுக்குள் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் என்ன? என்ன குறைந்துவிடும்?

யார் அது, பின்வரிசையில்? “உங்க வீட்ட கேமராவில எடுத்தாங்களா சார்” என்றா கேட்கிறீர்கள்? இல்லையம்மா. இணையராக வாழ்பவர்களை மட்டும்தான் எடுத்தார்கள். என் மனைவி சரளா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் வீட்டிலும் குரல் உயர்வதில்லை. என் பேச்சையும் யாரும் வெட்டுவதில்லை. அந்தக் கேடயத்துக்கு என் வீட்டைவிடத் தகுதியான வீடு இல்லை!

பேசாமல் இருப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும், ஐயா. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எதிரே ஆள் இருக்கும்போது நாயிடம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. பொறாமையோ என்னவோ, எரிகிறது.

சாந்தினி அவர்களே, முழு அறிக்கையை நீங்கள் இன்னும் எழுதி அனுப்பவில்லை என்று அறிகிறேன். மீண்டும் வாருங்கள். இம்முறை காப்பி கிடையாது. உண்மை மட்டும்தான். கொடுப்போமா, தாய்மார்களே? கொடுப்போமா, பெரியோர்களே? சத்தம் போதவில்லை, கொடுப்போமா?

என்ன பத்துமலை, எழுந்துவிட்டீர்கள்?

“சார், அவகிட்ட சொல்லுங்க...”

மாட்டேன்! ஜாக்கியின் உத்தியோகம் எனக்கு வேண்டாம். இந்தக் கூட்டமும் அதைச் செய்யாது. நீங்களே சொல்லுங்கள். மூன்று வரிசை தள்ளித்தான் இருக்கிறார்.

அமைதி. தயவுசெய்து அமைதி.

“கருப்பம்மா... படம் எடுக்கிற தம்பி வந்திருக்கு. வா, ஒண்ணு எடுத்துக்கலாம்.”

அம்மா, என்னைப் பார்க்காதீர்கள். நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

“தலை கலைஞ்சு கெடக்கு. இருங்க, வாரேன்.”

கேட்டீர்களா? “இருங்க” என்றார்! என்னிடம் சொல்லவில்லை, சாந்தினியிடம் சொல்லவில்லை, நாயிடமும் சொல்லவில்லை!

தம்பி பவித்ரன், கேமராவை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். கேடயம் படத்தில் வேண்டாம். சாந்தினியே அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். டோரிஸ் அவர்களே, வருகிற சனிக்கிழமை அறையைத் திறக்கும்போது முன்கதவைத் திறந்து வையுங்கள். செருப்புகள் வெளியே கிடக்கட்டும்.

மேடைக்குப் பழகாத குரலைப் பொறுத்துக் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. இனி நான் பேச ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் நீங்கள் பேசுங்கள். வணக்கம்!