முப்பத்தொண்ணாம் பக்கம்

அதைக் கீழ வைங்க மேடம், அது வாடகைக்கு இல்ல. மேஜை ஓரத்துல கெடந்தா எடுத்துடறதா? அதேதான் வேணும்னா, அதோ அந்த அலமாரி முழுக்க அதே குப்பைதான். பேய் வர்ற துப்பறியும் நாவல். மூணு தட்டு. நம்ம லைப்ரரியில அதுக்குத்தான் அடிதடி.

எதை உருவினாலும் ஒரே கதைங்க. நம்பலையா? ஒரு சின்ன ஊரு. அதுல புருஷனை விட்டுட்டு வந்த ஒருத்தி பேக்கரி வெச்சிருப்பா, பூனை வளப்பா. ஒரு கொலை விழும், ஆனா ஒரு சொட்டு ரத்தம் கண்ணுல படாது. செத்தவன் கேக் வாசத்துக்கு வந்து மாடிப்படியில உக்காந்துக்குவான். என்னை யாரு கொன்னதுன்னு நீதாம்மா கண்டுபிடிக்கணும்னு கெஞ்சுவான். ஏன், செத்தவனுக்கே தெரியாதா? தெரியாதாம்! பின்னாடியிருந்து அடிச்சுட்டாங்களாம். எல்லாப் புத்தகத்துலயும் பின்னாடியிருந்துதான் அடிக்கறாங்க. முன்னாடி வந்து அடிச்சா ரெண்டாம் பக்கத்துலயே கதை முடிஞ்சிருமே.

சிரிக்காதீங்க. பேய்னா ஒரு பயம் வேண்டாமா? இதுங்க கதவைத் தட்டிட்டு உள்ள வருது. சாவி எங்கன்னு எடுத்துக் குடுக்குது, ராத்திரி போர்வையைப் போத்திவிடுது. வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காதவங்க எவங்களோ உக்காந்து எழுதின பேய்ங்க.

எல்லாம் ஒரே கதையா இருக்கறதால, வர்றவங்க படிச்சதையே மறுபடி தூக்கிட்டுப் போயிடறாங்க. அதுக்காக ஆளாளுக்கு ஒரு அடையாளம். பின் தெரு தையல்காரம்மா முடிச்சதும் பத்தாம் பக்கத்துல ஒரு ஊசி வரைஞ்சுடுவாங்க. பழைய தபால்காரர் கடைசிப் பக்கத்துல ஒரு வட்டம் போடுவாரு, முத்திரை குத்தறாராம். நான் ஒரு தடவை ரப்பர் வெச்சு அழிச்சேன். தையல்காரம்மா ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசல.

எங்க, முப்பத்தொண்ணாம் பக்கத்துல மூணு புள்ளியா? அது எங்க அக்கா. பாதி அலமாரியில இருக்கும். நர்ஸு, அவசர வார்டு. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, காலை வெந்நீர்ல வெச்சுக்கிட்டு இந்தக் கருமத்தைத்தான் படிப்பா. ஏன்க்கா, நாள் பூரா சாவைப் பாத்தது போதாதான்னு கேட்டேன். அங்க ஒவ்வொருத்தரும் எதையோ சொல்ல வாயைத் திறக்கறாங்க, முடிக்காமலே போயிடறாங்கடி, இதுலதான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கறாங்கன்னா. பெரிய தத்துவம்!

இல்ல மேடம், மேஜை மேல இருக்கறதுல கொலைகாரன் யாருன்னு மட்டும் கேக்காதீங்க. உங்க கையில இருக்கறதுல வக்கீல். அந்தப் பச்சை அட்டையில மாமியார். இதுல சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும்.

அக்காகிட்டதான் சொன்னேன். காலை டூட்டிக்குக் கிளம்பறா, இன்னும் இருபது பக்கம்தான், பஸ்ல முடிச்சுடுவேன்னு பையில போட்டா. என் குழந்தை அழுது ரகளை. அஞ்சு நிமிஷம் வெச்சுக்கோக்கான்னேன், நேரமாச்சுடின்னுட்டா. எனக்கு வந்துச்சே ஆத்திரம், வாசல் வரைக்கும் போய், கொன்னது இன்னார்தான்னு கத்திட்டேன். திரும்பி முறைச்சா பாருங்க. சாயங்காலம் வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்னா.

பஸ் ஸ்டாப்புக்கு நாலு கடை முன்னாடி, லாரி. பின்னாடியிருந்துதான். ஆமா.

பையில சோத்து டப்பாவும் இதுவும் இருந்துச்சு. மடிச்ச பக்கம் மடிச்சபடி. முப்பத்தொண்ணுல ஒண்ணும் இல்ல, முடிக்கலையே. எட்டு மாசமா தினம் கடை திறந்ததும் முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் புரட்டறேன். இன்னைக்கும் பாத்தேன்.

அதை மறுபடி எடுத்துட்டீங்களா, குடுங்க இப்படி. நீங்க அந்த வக்கீலை எடுத்துக்கிட்டுப் போங்க, நல்லாத்தான் இருக்கும். இந்த நோட்டுல ஒரு கையெழுத்து போடுங்க. ஐயோ, இந்தப் புத்தகத்தோட வெச்சிருக்கற பென்சிலை எடுக்காதீங்க மேடம், அது அங்கயே இருக்கட்டும். இந்தாங்க பேனா.