பேய் வந்த பிறகு போன பயம்

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லிட்கமில் பலசரக்குக் கடை, பின்னால் இடியப்பம் அவிக்கும் குசினி, மேலே வீடு. வங்கி இரண்டு தரம் கைவிரித்தும் நான் எழுப்பியவை. இது ரயிலில் கேட்ட கதை.

எதிரே வேலைக்குப் போகும் இரண்டு பேர். ஒருவன் சொன்னான்:

“ஒருத்தரும் கவனிக்காத நல்ல படம் அது. ஆனா அந்த விண்வெளிக் கப்பலுக்குள்ள பேய் வந்தாப் பிறகுதான் எனக்குப் பயம் போனது.”

“விசரே உனக்கு? நான் கண்ணைப் பொத்திட்டன்.”

“அதுக்கு முதல்தான் பயம், மச்சான். கப்பல்ல இருக்கிறவன் இருட்டுக்குள்ள நித்திரையால எழும்புறான். எத்தினை நாள் போச்சு எண்டு தெரியாது. தாடியைத் தடவித்தான் மதிக்கிறான். நாங்கள் அகதியா வந்த படகிலயும் அப்பிடித்தான்.”

“நீ குடிவரவு ஒபிசரிட்ட பன்னிரண்டு நாள் எண்டெல்லோ சொன்னனீ?”

“பிறகு பதினேழு எண்டும் சொல்லிப்போட்டன். தெரியாது எண்டால் பொய்க்காரன் எண்டு நினைப்பினம் எண்ட பயம். இப்ப அதைப் பிடிச்சுக்கொண்டு விசா தரமாட்டினமாம்.”

“நாளைக்கு அப்பீல் விசாரணையில தாடியைச் சொல்லு.”

“சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும். உண்மைதானே? எங்க, சொல்லிப் பார்.”

அவன் ஜன்னலைப் பார்த்து மெல்லச் சொன்னான்: “எத்தினை நாள் எண்டு தெரியாது, சேர். கீழ்த்தட்டில வெளிச்சம் இல்லை. தாடி இவ்வளவு வளந்திருந்தது.”

“இன்னொருக்கால்.”

நான் இறங்கவேண்டிய ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கவில்லை. எழுந்தால் அவன் நிறுத்திவிடுவான். திரும்பத் திரும்பச் சொல்லி, சென்ட்ரல் வரும்போது அவன் குரல் உறுதியாகிவிட்டது. யார் பேசினாலும் குறுக்கே விழுந்து புத்தி சொல்பவன் நான்; அன்று வாயே திறக்காமல் இருந்தேன். அவனுக்கு விசா கிடைத்தால் அதில் என் பங்கும் உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.