சுவரைப் பார்த்த பெஞ்சு

இல்லம்மா, நின்னுக்கிட்டே எட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. உக்காரு. உக்காந்து காலை நீட்டு. இடிச்சுதா? எல்லாருக்கும் இடிக்குது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டின சுவர், மொதல்ல நம்ம முட்டியைத்தான் தடுத்திருக்கு.

நீ வா போன்னு பேசறேன்னு தப்பா எடுத்துக்காதே, என் பொண்ணைவிடச் சின்னவளா இருக்கே. பார்க் திறக்கறதுக்கு முன்னாடி சரிபார்க்க இன்னிக்கு ஆள் வருதுன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அடுப்பை அணைச்சிட்டு ஓடி வந்தேன்.

சுவரே வேண்டாம்னு கொடி பிடிக்க வந்தவ இல்ல நான். போன மழைக்கு ஆத்துத் தண்ணி எங்க ஹாலுக்குள்ள வந்து சோபாவை மிதக்க விட்டுட்டுப் போச்சு. தனியாவா வந்துச்சு? சாக்கடையையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. ஃப்ரிட்ஜைத் தொறந்தா உள்ள தவளை, ஏதோ ஏசி காத்து வாங்க வந்த மாதிரி. அந்த நாத்தத்தைக் கழுவினவளுக்குத்தான் சுவரோட அருமை தெரியும். கட்டட்டும். வானம் வரைக்கும் கட்டட்டும். ஆனா கட்டி முடிச்சிட்டு இது என்ன கூத்து?

முன்னல்லாம் இங்க உக்காந்தா எதிர்ல ஆறு. இப்ப எதிர்ல சுவர். அப்ப பெஞ்சைத் திருப்பிப் போடணும்னு மூளை இருக்கறவனுக்குத் தோணுமா தோணாதா? இவங்களுக்குத் தோணாது. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூலை மூலையா போட்டோ எடுத்தாங்களாம். முடிஞ்சதும் போட்டோவுல இருந்த மாதிரியே எல்லாத்தையும் வெக்கணுமாம். பழைய நிலைக்குக் கொண்டுவரணும்னு ஒப்பந்தமாம். வெச்சிருக்காங்க, அச்சுப் பிசகாம! அந்த ஊஞ்சலைப் பாரு. வேகமா ஆடினா புள்ளைங்க கால் நேரா சுவர்லதான். ஆத்துல இறங்காதீர்கள்னு ஒரு போர்டு இருந்துச்சு. அதையும் கொண்டாந்து அதே எடத்துல நட்டு வெச்சிருக்கான், சுவருக்கு இந்தப் பக்கம். யாருக்கு எழுதி வெச்சிருக்கு, பல்லிக்கா?

சிரிக்காதே. எனக்கு வயித்தெரிச்சல். மேஸ்திரியை நிக்க வெச்சுக் கேட்டேன். எனக்கென்னம்மா, மேல சொன்னாங்க, செஞ்சேன்னாரு. அப்ப வெட்டின மரத்தை எப்ப பழையபடி வெக்கப் போறீங்கன்னேன். அதுவும் போட்டோவுல இருந்துச்சே! டேப்பைச் சுருட்டிக்கிட்டு நடையைக் கட்டிட்டாரு. தூ!

என்னது, வேற பெஞ்சா? கரையோரம் இருக்கறது எல்லாம் இதே லட்சணம்தான். மெயின் கேட்டுகிட்ட ஒண்ணு இருக்கு, ஆனா அது வரைக்கும் அவங்களால நடக்க முடியாது. சைடு கேட்லேர்ந்து இது வரைக்கும் வர்றதுக்கே என் தோள்பட்டை கழண்டுடும்.

என் நாத்தனாரைச் சொல்றேன். பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. வாய் இருந்த காலத்துல, நான் போட்ட காப்பியைப் பாத்திரம் கழுவின தண்ணின்னு சொன்ன மகராசி. அந்த வாய் ஓஞ்சா நிம்மதின்னுதான் நெனைச்சிருப்பேன். ஓஞ்சப்புறம் பாரு, வீட்டுல இருக்கவே முடியல.

பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு சொல்லிச்சு, வெளிய உக்கார வெச்சு, கண்ணுல படறதை எல்லாம் பேர் சொல்லச் சொல்லுங்கன்னு. இங்கதான் கூட்டிட்டு வந்தேன். மொத வார்த்தை, கொக்கு. அப்புறம் படகு, வலை, பாலம்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. ஒருநாள் படகுக்காரன் கரையில நின்னு துணி மாத்திக்கிட்டிருந்தான். சீன்னாங்க பாரு! எங்கயோ போன மனுஷி திரும்பி வந்துட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

அப்புறம் வேலைன்னு கேட்டைப் பூட்டிட்டாங்க. போன வாரம் வாட்ச்மேன் பாவம் பாத்து உள்ள விட்டாரு. உக்கார வெச்சு, என்ன தெரியுது சொல்லுங்கன்னேன். சுவர்னாங்க. மறுநாளும் சுவர். நேத்து அதுவும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டாங்க.

ஆத்தைத் திருப்பிக் குடுன்னா கேக்கறேன்? பெஞ்சைத் திருப்புன்னுதானே! இந்தப் பக்கம் பாத்தா நாய் இருக்கு, பந்து இருக்கு, பஸ் இருக்கு, ரோட்டுல சண்டை போட்டுக்கிட்டுப் போற புருஷன் பொண்டாட்டி இருக்காங்க. பேர் சொல்ல என்னவெல்லாம் இருக்கு!

பெரிய எஞ்சினியர்கிட்டயா? சொல்லாம இருப்பேனா? ஒண்ணைத் திருப்பினாலும் போட்டோவோட ஒத்துப்போகாது, அதெல்லாம் உனக்குப் புரியாதுன்னாரு. ஒரு தடவை வந்து உக்காந்துதான் பாருங்களேன்னேன். திறப்பு விழா வேலை தலைக்கு மேல இருக்காம்.

எங்க போய்ப் பாத்தேனா? எங்கயும் போகல. எதிர்லதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. ஆமா, என் வீட்டுக்காரர். ஏன் எழுந்துட்டே? உக்காரு, அவரு ஒண்ணும் இங்க இல்ல.

அப்ப அவங்க அவரோட அக்காவான்னா கேக்கறே? நல்ல பொண்ணும்மா நீ. நாத்தனார்னா பின்ன பக்கத்து வீட்டுக்காரரோட அக்காவா? கூடப்பொறந்த அக்கா.

பயப்படாதே, உன் பேரை இழுக்க மாட்டேன். நான் சொன்னா அது பொண்டாட்டி புலம்பல். நீ எழுதினா குறைபாடு, பதில் சொல்லியே ஆகணும். எழுது. ரிப்போர்ட் எல்லாம் சாப்பாட்டு மேசையில வெச்சுத்தான் படிப்பாரு. பக்கத்துல அக்கா உக்காந்திருப்பாங்க. நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி தண்ணி ஊத்திக்கிட்டு நிப்பேன்.